கடைசியிலிருந்து மூன்றாவது

ஓர் ஆங்கிலக் கால்பந்துக் கிளப் தோற்றுவிடக் கூடாது என்று திருக்கழுக்குன்றத்தில் உட்கார்ந்து துஆ கேட்ட ஒரே பெண் என் மனைவி மும்தாஜாகத்தான் இருப்பாள். பந்தை எந்தப் பக்கம் உதைக்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனாலும் சனிக்கிழமை ராத்திரி ஆனால் போதும், ரொட்டி சுடுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து என் தோளுக்கு மேல் எட்டி ஃபோனைப் பார்ப்பாள். "இன்னா, இன்னிக்கும் பூட்ச்சா?" என்பாள். பெரும்பாலும் போய்த்தான் இருக்கும்.

எங்கள் மகள் நஸ்ரின் அந்தக் கிளப்பில் பிசியோதெரபிஸ்ட். அடிபட்ட ஆட்டக்காரனைத் தேற்றி மறுபடி ஓடவைப்பது அவள் வேலை. கிளப் இருப்பது இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையில், ஒரு சின்ன ஊரில். ஊர்ப் பெயரை எழுதவேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. டிவியில் நாம் பார்க்கும் பெரிய அணிகள் முதல் பிரிவு. இது நான்காவது பிரிவு. இருபத்துநான்கு அணிகள் ஆகஸ்டிலிருந்து மே வரை ஒன்றோடொன்று மோதி முடிக்கும்போது கடைசி இரண்டு இடத்தில் இருப்பவர்கள் ஐந்தாவது பிரிவுக்குத் தள்ளப்படுவார்கள். அங்கே விழுந்தால் வருமானம் குறையும், ஆட்களைக் குறைப்பார்கள். நஸ்ரினிடம் கிளப் அதை முன்பே சொல்லிவிட்டது. வேலை போனால் விசாவும் போகும்.

சீசன் முடிய ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. அவள் கிளப் கடைசியிலிருந்து மூன்றாவது இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வருடமாக அவள் ஊருக்கு வரவில்லை. மும்தாஜுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியாது. பெயிண்ட் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு நான் கிளம்பினேன். துணைக்கு மும்தாஜின் அண்ணன் காஜா. செங்கல்பட்டில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார், அதற்கு முன் துபாயில் பல வருஷம் வண்டி ஓட்டியவர், இங்கிலீஷ் தைரியமாகப் பேசுவார். வாசலில் மும்தாஜ் என்னிடம் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "பாத்துட்டு மட்டும் வராதீங்க. கூட்டிகினு வந்துடுங்க. செங்கல்பட்டுல ஆஸ்பத்திரியா இல்ல?"

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

*

திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தோம். ரயிலை விட்டு இறங்கியதும் காற்று என்னை ஒரு அடி பின்னால் தள்ளியது. வெயில் அடித்தது, ஆனால் சூடே இல்லை. படத்தில் வரைந்த வெயில் மாதிரி. நஸ்ரின் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தோளில் கை வைத்தபோது எலும்புதான் தட்டுப்பட்டது. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"சரியா தூங்கறியா?"

"சீசன் முடியட்டும் அத்தா, தூங்கறேன்."

ஒரே மாதிரி செங்கல் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற தெருவில் அவள் வீடு. காஜா ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு ஏமாந்து வந்தார். "இன்னா ஊரு மச்சான் இது! நாஸ்தாவுக்கு ஒரு கடை தொறந்து கீதா பாரு. மணி அஞ்சாவல, எல்லாம் ஷட்டர இறக்கிகினு கீறானுங்க."

செவ்வாய்க்கிழமை நஸ்ரின் எங்களை மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். ஸ்டேடியம் என்றதும் நான் பெரிதாக எதையோ நினைத்திருந்தேன். நான்கு பக்கமும் தகரக் கூரை, நடுவே பச்சைத் தரை, அவ்வளவுதான். வாசல் கேட்டைப் பார்த்ததும் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. கடல்காற்றின் உப்பு இரும்பைத் தின்றிருந்தது. திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம் வரை ஈசிஆரில் வீடு கட்டியவர்கள் என் கடைக்கு வந்து எதற்குப் புலம்புவார்களோ, அதே துரு. பிரைமர் அடிக்காமல் மேலே மேலே பெயிண்ட் பூசியிருந்தார்கள். அந்தத் துருவைப் பார்த்தபிறகுதான் எனக்கு அந்த ஊர் கொஞ்சம் பழகியது.

அங்கேதான் லியாமைப் பார்த்தோம். அணியின் கேப்டன், முன்வரிசை ஆட்டக்காரர். அந்த சீசனில் கிளப் போட்ட கோல்களில் பாதிக்குமேல் அவர் போட்டது. முப்பது வயதைத் தாண்டியவர், உடைந்து நேராக்கப்பட்ட மூக்கு. என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்கள் மகள் இல்லாவிட்டால் நான் கிறிஸ்துமஸுக்கே நொண்டியாகியிருப்பேன்" என்றார். பயிற்சி தொடங்கியது. குளிர் தாங்காமல் நாங்கள் உள்ளே போய் டீ கேட்டோம். நஸ்ரினும் உள்ளேதான் இருந்தாள், ஒருவனின் தொடையை உருவிக்கொண்டு. வெளியே அப்போது நடந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

புதன்கிழமை மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கப் போனோம். "எண்ணெயா, மாட்டுக் கொழுப்பான்னு கேட்டுட்டு வாங்குங்க மாமா, கொழுப்புன்னா ஹலால் இல்ல" என்று நஸ்ரின் எச்சரித்து அனுப்பியிருந்தாள். முதல் கடையில் கொழுப்பு. இரண்டாவதில் கொழுப்பு. மூன்றாவது கடைக்காரர், கொழுப்பில் பொரிக்காததையெல்லாம் மீன் என்றே தன் அப்பா ஒத்துக்கொண்டதில்லை என்றார். ஊர்க்கோடியில் ஒரு கடையில் எண்ணெய் கிடைத்தது. முள்ளே இல்லாத வெள்ளை மீன், மேலே மாவுச் சட்டை, உப்பு, வினிகர். மிளகாய்த்தூள் எந்த மூலையிலும் இல்லை. கோவளத்து மீனைத் தின்று வளர்ந்த காஜா ஒரு வாய் கடித்தார். "நல்லாத்தான் கீது. ஆனா மீன் செத்துப்போனது வீண் மச்சான்."

கடைக்குள் எல்லோரும் சனிக்கிழமையைப் பற்றியே பேசினார்கள். ஆட்டத்தை டிரா செய்தால் போதும், தப்பிவிடலாம். தோற்றால், பின்னால் வரும் அணி தன் ஆட்டத்தில் ஜெயிக்காமல் இருக்கவேண்டும். "லியாம் இருக்கிறான்" என்று ஒரு கிழவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

*

வியாழக்கிழமை ஹலால் கறி வாங்க ரயிலேறிப் பக்கத்து நகரத்துக்குப் போனோம். திரும்பும்போது ரயில் ரத்து. ஒலிபெருக்கியில் ஒரு பெண் மன்னிப்புக் கேட்டாள், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. செங்கல்பட்டு ஸ்டேஷனில் சென்னை பீச்சுக்குப் போகிற வண்டி இப்படி நின்றால் இந்நேரம் ஒரு கூட்டம் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் புகுந்திருக்கும். இங்கே எல்லோரும் பையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக இருந்தார்கள். ரயிலுக்குப் பதிலாக விடுவதாகச் சொன்ன பஸ் வந்தது. கையை ஆட்டினோம். நிற்காமல் போயிற்று.

நஸ்ரினுக்கு ஃபோன் செய்தோம். "அங்கேயே இருங்க அத்தா. லியாம் வீடு அந்தப் பக்கந்தான். மீட்டிங்குக்காக இங்கதான் வரார். ஏத்திகினு வரச் சொல்றேன்."

ஊரே பேர்சொல்லும் ஆட்டக்காரர் காரில் கறிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முன் சீட்டில் காஜா, பின்னால் ஒரு குழந்தை இருக்கையை ஒட்டி நான். லியாம் அதிகம் பேசவில்லை. மேகமூட்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஒரு ரவுண்டானா வந்தது. சுற்றினார். மறுபடி சுற்றினார். மூன்றாவது தடவையும் சுற்றி ஒரு வழியில் நுழைந்து, கொஞ்ச தூரம் போய், "மன்னிக்கணும்" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். ஊருக்குள் வந்தபிறகும் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டார்.

இறங்கியதும் காஜா சிரித்தார். "தெனம் வர்ற ரோடு மச்சான்! படாளத்துல கூட்டு ரோடு தெரியாம மாட்டுன லாரிக்காரன் மாதிரி சுத்திகினு கீறாரு."

ராத்திரி சாப்பாட்டில் அந்தக் கதையை நான்தான் சொன்னேன். சோற்றுத் தட்டைச் சுற்றி விரலால் வட்டம் போட்டு நடித்தே காட்டினேன். மகள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"மறுபடி சொல்லுங்க அத்தா. எத்தனை தடவை சுத்தினார்? கண்ணாடி எப்ப போட்டார்? பேசும்போது வார்த்தை தேடினாரா?"

நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. கையைக் கழுவிவிட்டு ஒரு ஆட்டக்காரனுக்கு ஃபோன் செய்தாள், அப்புறம் இன்னொருவனுக்கு. இரண்டாமவன் உண்மையைச் சொல்லிவிட்டான். செவ்வாய்க்கிழமை பயிற்சியில் லியாமும் ஒரு பையனும் பந்துக்கு எகிறியபோது தலையோடு தலை மோதியிருக்கிறார்கள். லியாம் கொஞ்ச நேரம் எழவில்லை. எழுந்ததும், 'நஸ்ரினிடம் சொல்லாதீர்கள்' என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருந்தால் ஆட விடக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. கடைசி ஆட்டம் போய்விடும் என்று மறைத்துவிட்டார்.

"இன்னொரு அடி பட்டா?" என்று கேட்டேன்.

"உயிரே போகலாம் அத்தா. போகாமலும் இருக்கலாம். அது யாருக்கும் தெரியாது."

*

வெள்ளிக்கிழமை காலை அவளும் கிளப் டாக்டரும் லியாமைச் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க அவரால் முடியவில்லை. ஐந்து வார்த்தைகள் சொல்லித் திரும்பக் கேட்டால் இரண்டுதான் வந்தது. ஆடக்கூடாது என்று நஸ்ரின் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மேனேஜர் கத்தவில்லை என்றாள். கத்தியிருந்தால் தேவலாம் என்றும் சொன்னாள். "நீ சொன்னால் சரி. ஆனால் திங்கட்கிழமை நாம் ரெண்டு பேரும் வேலை தேடவேண்டியிருக்கும்" என்றாராம். லியாம் அவள் முகத்தைப் பார்க்காமலே வெளியே போயிருக்கிறார்.

மத்தியானத்துக்குள் செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. நான் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டு வந்தபோது காஜா ஃபோனில் எதையோ படித்துவிட்டுச் சட்டென்று அணைத்தார். பிடுங்கிப் பார்த்தேன். கிளப் ரசிகர்களின் பக்கம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷே போதுமானதாக இருந்தது. 'அவளுக்கு ஒரு விமான டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்' என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்கு நிறையப் பேர் சிரித்திருந்தார்கள்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் அந்த ரவுண்டானா கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால்? அவளுக்குத் தெரிந்திருக்காது. அவர் ஆடியிருப்பார். அப்புறம் நடப்பதற்கு அவள் பொறுப்பில்லை. இப்படி ஒரு பக்கம் ஓடிய புத்தி, உடனே அவர் காரில் பார்த்த குழந்தை இருக்கை ஞாபகம் வந்து நின்றது. நஸ்ரினிடம் மெதுவாகச் சொன்னேன்: "நான் வாயை மூடிகினு இருந்திருக்கலாம்மா."

"அத்தா, நீங்க சொன்னதாலதான் நான் இன்னிக்கு நிம்மதியா உக்காந்திருக்கேன்" என்றாள். நிம்மதியாக இருப்பவள் மாதிரி தெரியவில்லை.

அன்று மும்தாஜ் ஃபோனில் கேட்டாள்: "கேட்டீங்களா அவள?" நான் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

*

சனிக்கிழமை. நஸ்ரின் விடிந்ததுமே போய்விட்டாள். நாங்கள் பிற்பகல் கூட்டத்தோடு நடந்தோம். எங்கள் ஊர்ச் சங்குதீர்த்தத் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மாதிரி தெருத்தெருவாக ஜனம் வந்து சேர்ந்தது. ஆனால் யாரும் பேசவில்லை. எங்களுக்குப் பக்கத்து இருக்கையில் சிவந்த தாடிவைத்த பெரிய ஆள். எல்லோரும் ஆவி பறக்க ஏதோ குடிப்பதைப் பார்த்து டீ என்று நினைத்துக் காஜா இரண்டு கோப்பை வாங்கிவந்தார். வாயருகே கொண்டுபோனதும் இறைச்சி வாசம். தாடிக்காரரிடம் கேட்டார். மாட்டிறைச்சிச் சாறு. இரண்டு கோப்பையையும் அவரிடமே கொடுத்தோம். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

லியாமுக்குப் பதிலாக இறங்கியவன் நன்றாகத்தான் ஓடினான். ஆனால் பந்து அவனிடம் வரும்போதெல்லாம் அவசரப்பட்டான். முதல் பாதி கோலில்லாமல் முடிந்தது. இப்படியே போனால் தப்பிக்கலாம். இரண்டாம் பாதியில் எங்கள் ஆள் ஒருவன் தசைப்பிடிப்பில் விழுந்தான். பையைத் தூக்கிக்கொண்டு நஸ்ரின் மைதானத்துக்குள் ஓடினாள்.

கூட்டம் ஊளையிட்டது.

முதலில் எனக்குப் புரியவில்லை. அடிபட்டவனைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். காஜாவின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. நாலு பக்கத்துத் தகரக் கூரைக்கும் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. நடுவில் என் மகள் குனிந்து ஒருவனின் காலை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. தாடிக்காரரும் வாயில் கையைக் குவித்துக் கத்தினார்.

காஜா எழுந்துவிட்டார். "யோவ்! யாரப் பாத்து?" தமிழிலேயே கத்தினார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வுடு மச்சான், இவன ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன். ஷீ இஸ் மை சிஸ்டர்ஸ் டாட்டர்!"

தாடிக்காரர் கையை இறக்கினார். காஜாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கள் மகளா?" என்று என்னிடம் கேட்டார். ஆமென்று தலையாட்டினேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு கத்தவில்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணி கோல் போட்டது. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சிலர் எழுந்து வெளியே போனார்கள். எல்லோரும் ஃபோனை எடுத்தார்கள். பின்னால் வந்த அணி வேறோர் ஊரில் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்டம் அப்படியே தோல்வியில் முடிந்தது. ஆட்டக்காரர்கள் வெளியேறாமல் புல்தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நஸ்ரின் கோட்டோரமாகப் பையைப் பிடித்தபடி நின்றாள். வேறோர் ஊரில் நடந்த அந்த இன்னொரு ஆட்டம் இன்னும் முடியவில்லை.

தாடிக்காரர் தன் ஃபோனை என் பக்கம் கொஞ்சம் திருப்பிப் பிடித்தார். நான் பார்க்கவேண்டும் என்பதற்காக. இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். நான் ஓதத் தொடங்கினேன். திரையில் எண் மாறியது. ஒன்று, ஒன்று. அதோடு அந்த ஆட்டமும் முடிந்துவிட்டது.

எங்கிருந்தோ ஒரு அலறல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மொத்தக் கூரையும் கிழிந்த மாதிரி சத்தம். தோற்றுப்போன ஊர் குதித்துக் குதித்து ஆடியது. தாடிக்காரர் என்னை அப்படியே தூக்கிவிட்டார். என் கால் தரையில் இல்லை. அவர் தாடி என் கன்னத்தில் ஈரமாக உரசியது. காஜா யாரோ முன்பின் தெரியாத கிழவியைக் கட்டிக்கொண்டு, "தப்பிச்சிட்டோம் பாட்டீ!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

கீழே பார்த்தேன். கோல்கீப்பர் ஓடிவந்து நஸ்ரினைக் கட்டிப்பிடித்தான். அவள் பை கையிலிருந்து விழுந்து துணிச்சுருள்கள் புல்லில் உருண்டன. கிளப் கடைசியிலிருந்து மூன்றாவது. அந்த இடத்தைப் பிடித்ததற்கு இப்படியொரு கொண்டாட்டம் உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது.

*

ஞாயிற்றுக்கிழமை லியாமும் அவர் மனைவி கெல்லியும் வந்தார்கள். அவருக்கு வெளிச்சம் ஆகவில்லை, கெல்லிதான் வண்டி ஓட்டி வந்தாள். நஸ்ரின் திரையை இழுத்துவிட்டாள். இருட்டறையில் உட்கார்ந்து டீ குடித்தோம். வியாழக்கிழமை ராத்திரி கேஸ் அணைத்தாயா என்று நான்கு தடவை கேட்டார் என்றாள் கெல்லி. தனக்கு அப்போதே பயம், ஆனால் யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினார் என்றாள். சொல்லும்போது அழுதாள். ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மாதக்கணக்கில் ஓய்வெடுக்கவேண்டும், அப்புறம் ஆடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

லியாம் நஸ்ரினிடம் நிறுத்தி நிறுத்திப் பேசினார். "உன்மேல் ரொம்பக் கோபமாக இருந்தேன். நேற்று நாம் கோல் வாங்கியபோதுகூட."

"இப்போது?"

"இப்போது தூக்கம் வருகிறது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். போகும்போது காஜாவிடம், "ரவுண்டானாவில் எத்தனை சுற்று?" என்று கேட்டார். காஜா மூன்று விரலைக் காட்டினார்.

திங்கட்கிழமை மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, அடுத்த சீசனுக்கும் நீ இருக்கிறாய் என்று சொல்லிவிட்டார். நான் மும்தாஜுக்கு ஃபோன் செய்தேன்.

"கேட்டீங்களா?" என்றாள்.

"கேக்கல. கேக்க மாட்டேன். உம் பொண்ணு இங்க இன்னா வேலை பண்றான்னு கண்ணால பாத்துட்டேன் மும்தாஜ்." அப்புறம் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஊளையிட்டதை மட்டும் விட்டுவிட்டேன். பின்னணியில் ஒரு பஸ் ஹாரன் கேட்டது. "அந்தக் கேப்டன் தம்பிக்கு இப்ப தேவலாமா?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் நஸ்ரின் எங்களைப் பக்கத்து மலைமுகட்டுக்கு மாடி பஸ்ஸில் கூட்டிப்போனாள். அங்கிருந்து பார்த்தால் கடல் ஈயத்தகடு மாதிரி தெரிந்தது. காஜா கீழே இறங்கி முழங்கால் வரை தண்ணீரில் நின்றுவிட்டு, "ஐஸு! ஐஸு!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். திரும்பும்போது மேல்தட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்தோம். மணி எட்டாகியும் பகல். ஏதோ சொல்லிக்கொண்டே வந்த நஸ்ரின் பாதியில் நிறுத்திவிட்டாள். பார்த்தேன். தலை என் தோளில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, சின்ன வயதில் தூங்குவாளே, அப்படி.

எங்கள் நிறுத்தம் வந்தது. காஜா எழுந்து மணியை அழுத்தப் போனார். கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். எங்கள் தெரு ஜன்னலுக்கு வெளியே வந்து, போயிற்று. அப்புறம் ஏதோ பள்ளிக்கூடம், ஏதோ தொழிற்சாலை, தெரியாத தெருக்கள். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். ஆள் இருக்கிறதா என்று பார்க்க டிரைவர் படியேறி வந்தார். இறங்கச் சொல்ல வாயைத் திறந்தவர், தூங்குகிறவளின் மேல்சட்டையில் இருந்த கிளப் சின்னத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அப்படியே இறங்கிப்போய் வண்டியைத் திருப்பினார்.

மறுபடி எங்கள் தெரு நெருங்கியது.

"இன்னா மச்சான், இப்பயாவது எறங்கலாமா?" என்று காஜா காதருகே கேட்டார்.

"இன்னொரு ரவுண்டு" என்றேன்.